ஐலீன் வெட்டியது

"அந்தக் கத்தரிக்கோல் கதையைச் சொல்லலாமாப்பா?" பேச வேண்டியதை எழுதி வைத்திருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல் லீயான் கேட்டாள். "எல்லாரும் அழுதுக்கிட்டு இருப்பாங்க. நடுவுல ஒரு சிரிப்பு வந்தா நல்லாருக்கும். அம்மாவுக்கும் அதான் பிடிக்கும்."

மெர்வ் டையை மூன்றாவது தடவையாக அவிழ்த்தார். ஐம்பத்திரண்டு வருடமாக அந்த முடிச்சை ஐலீன்தான் போட்டுவிட்டாள். அவள் போய் ஐந்து நாள் ஆகிறது. பதினோரு மணிக்குத் தகனக்கூடத்தில் இருக்க வேண்டும்.

"உன் இஷ்டம்மா," என்றார்.

சொன்ன வாய் மூடுவதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்பாளே, அதுதான் பயம்.

ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த யாருக்கும் அந்தக் கதை தெரியும். எழுபத்தெட்டாம் வருடம் மெர்வ் குட்டிக் கங்காரு மாதிரி இருக்கும் பாறை வாலபிகளின் பின்னால் மலை மலையாக அலைந்துகொண்டிருந்தார். பிடிப்பார், ரத்தம் எடுப்பார், செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களைப் போட்டோ பிடிப்பார். லேப் உதவியாளரான ஐலீன் போட்டோவிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, துவைத்த காலுறைகளைச் சேர்ப்பதுபோல் ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவாள். ஒரு மலையின் அட்டையையும் அடுத்த மலையின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதோடு ஒட்டிக்கொண்டது, எந்தக் கூட்டம் எங்கே தனி இனமாகப் பிரிந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

டன்மோர் மலை வாலபிக்கு எண்ணிக்கை இருபத்தொன்று வந்தது. இருபத்திரண்டு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ரொம்ப நீளம். அவசரக்காரி ஐலீன், பாவாடைக்குக் கரை மடிப்பதுபோல, அதை நடுவில் வெட்டி இரண்டாக்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிட்டாள். பதினான்கு வருடம் கழித்துத் தெற்கே ஒரு லேப் அந்த மலையில் இரண்டு இனங்கள் கலக்கின்றன, ஒற்றைப்படையாக வரும் எண்ணிக்கைதான் அதற்கு அடையாளம் என்று கண்டுபிடித்தது. பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தால், கத்தரித்த கோடு பல்லிளித்தது. ஐலீன் ஓய்வுபெற்றபோது குழந்தைகளின் மொக்கைக் கத்தரிக்கோல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கதை அவ்வளவுதான். அதில் ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது.

"மெர்வ், இதுக்கு ஜோடி இல்ல," என்று அவள் அன்றைக்கே சொன்னாள். "ரெண்டு சின்னது ஒட்டி ஒரே குரோமோசோமா ஆயிருக்கு. மத்த செல்லு எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை கட்டுரை போயாக வேண்டும். ஒரே இனம்தான் என்று மெர்வ் ஏற்கனவே எழுதி முடித்திருந்தார். "ரெண்டும் முட்டிக்கிட்டுக் கிடக்கு, அவ்வளவுதான். நடுவுல வெட்டி ஒட்டு," என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்டினாள். பதினான்கு வருடம் கழித்துத் துறைத்தலைவர் அட்டையை நீட்டி, "இதை வெட்டினது யாரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டபோது, "ஐலீன்தான்," என்றார் மெர்வ். பொய்யும் இல்லை. அதுதான் கேவலம். மூலையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த அவள் குழாயை நிறுத்தினாள். பிறகு மறுபடி திறந்துவிட்டாள்.

வீட்டில் அதைப்பற்றி ஒரு பேச்சு கிடையாது. கடைசி நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் தெளிவாக விழித்திருந்தாள். அன்றைக்குச் சொல்லிவிடுவதென்றுதான் போனார். "நாய்க்குச் சோறு வச்சாச்சு," என்றார். கிரிக்கெட் ஸ்கோரைப் படித்துக் காட்டினார். "நல்லது," என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தகனக்கூடத்தில் லீயான் அழகாகத்தான் சொன்னாள். பாவாடைக் கரை வந்ததும் கூடமே சிரித்தது. அவரோடு வேலை பார்த்த நோயல் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். நான்கடி தூரத்தில் சவப்பெட்டி. மெர்வுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்துவிட்டார்.

"அது ஐலீன் தப்பில்ல," என்றார். "அவ சரியாப் பாத்துச் சொன்னா. வெட்டச் சொன்னது நான். கேட்டப்போ அவ பேரைச் சொன்னதும் நான்தான்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

"நெஜமாத்தான் சொல்றேன்," என்றார் மெர்வ். தட்டல் இன்னும் கூடியது.

அதற்கப்புறம் ஊர் பௌலிங் கிளப்பில் எல்லோருக்கும் தேநீர். நோயல் வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டான். "பெரிய மனுஷன்யா நீ! பொண்டாட்டி தப்பைத் தன் தலையில போட்டுக்கறியே. எனக்கெல்லாம் அந்த மனசு வராதுப்பா."

"உயிரோட இருக்கறவளுக்கே வரல, செத்தா வரப்போகுதாக்கும்," என்றாள் அவன் மனைவி பெரில்.

"நோயல், கேளு. சத்தியமா—"

"தெரியும்டா, தெரியும்." கண்ணடித்தான்.

இன்னொரு தடவை சொன்னால் இன்னும் கொஞ்சம் நல்லவராகிவிடுவார் போலிருந்தது. மெர்வ் மகளை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனார். "லீயான், நீயாவது நம்பு. நான் சொன்னது அத்தனையும் நெஜம்."

அவள் அவர் கன்னத்தைத் தடவினாள். "அப்பா, நான் காலேஜ் சேந்தப்போ அம்மாகிட்ட நேராவே கேட்டேன். 'அப்பா சொல்லித்தான் வெட்டினியா'ன்னு. 'இல்லடி, நானே அவசரத்துல வெட்டித் தொலைச்சேன், பாவம் அவருக்குத்தான் தலைகுனிவு'ன்னாங்க. அம்மா எங்கிட்டப் பொய் சொல்வாங்களா?"

மெர்வ் டை முடிச்சை இழுத்துத் தளர்த்தினார்.

"அம்மா குடுத்து வச்சவங்கப்பா," என்று லீயான் அவர் மார்பில் சாய்ந்து அழுதாள்.

பெரில் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். "சாப்பிடுங்க மெர்வ். அஞ்சு நாளா ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க." சுற்றி நின்றவர்களெல்லாம் அவரைப் பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முள்கரண்டியை வாங்கி, ஒட்டியிருந்த கிரீம் வரை வழித்துச் சாப்பிட்டார்.

"இன்னொரு துண்டு வைக்கவா?"

"வைங்க," என்று தட்டை நீட்டினார்.