மெரூன் பொட்டு ராணி

சின்னவளின் கைப்பையில் ஒரு ராணி இருந்தாள். தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான பிளாஸ்டிக் கூண்டு. அதற்குள் ராணித் தேனீயும், அவளுக்கு ஊட்டிவிட நாலைந்து தோழிகளும். கூண்டின் வாயைச் சர்க்கரை உருண்டையால் அடைத்திருந்தார்கள். பெட்டியில் இருக்கும் தேனீக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வழி திறப்பதற்குள் புது ராணியின் வாசனை அவற்றுக்குப் பழகிவிட வேண்டும். பழகினால் மகாராணி. பழகாவிட்டால் சுற்றி மொய்த்து நெருக்கிக் கொன்று வாசலில் இழுத்துப் போட்டுவிடும். தேனீக்களிடம் தாட்சண்யம் கிடையாது.

பேருந்தில் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் அசைந்தபோதெல்லாம் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். போன பருவத்தில் அவளுடைய ஒரு பெட்டி அழிந்துபோனது. இப்போது இந்தப் பெட்டியிலும் ராணி இல்லை. முட்டை இல்லை, புழு இல்லை. போன வாரம் மூடியைத் திறந்தபோது ஓர் ஊரே சேர்ந்து முனகுவதைப் போன்ற சத்தம்தான் வந்தது. இதுவும் போனால் பெரியவள் சொன்னது உண்மையாகிவிடும். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

பெரியவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணி. கீழ்வீட்டில் தையல் இயந்திரம் வைத்துத் துணி தைப்பவள். சின்னவள் மேல்வீடு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தேனீ வளர்க்கும் பயிற்சிக்கு இருவரும் கைகோத்துக்கொண்டுதான் போனார்கள். மொட்டைமாடியின் ஒரு மூலையில் பெரியவளின் பெட்டி, எதிர்மூலையில் சின்னவளின் பெட்டி. நடுவே துணிக்கொடி. இப்போது அந்தக் கொடிதான் எல்லை.

சண்டை வந்தது சின்னவளின் வாயால். ஒரு சட்டையின் தையல் கோணியிருந்ததைப் பார்த்து, துணி வாங்க வந்த அம்மாளை வைத்துக்கொண்டே, "அக்கா, கண்ணு போச்சு போல. கடைக்கு வாங்க, பார்த்துக் கண்ணாடி போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் தையல்காரியிடம் வாடிக்கையாளர் முன்னால் கண் போச்சு என்று சொன்னால் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டதாக ஆகாதா? பெரியவள் சும்மா விடவில்லை. "என் கண்ணைப் பார்க்கறது இருக்கட்டும். உன் கைராசியைப் பாரு. நீ தொட்ட பெட்டி உருப்படுமா?"

அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேச்சில்லை. பேசவேண்டியதைத் தண்ணீர்க் குழாயிடமும் மாடிப்படியிடமும் ஜாடையாகப் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை வெயில் இருக்கும்போதே சின்னவள் மாடிக்கு ஏறினாள். கணவன் தேனீக்களை அடக்கப் புகை போடும் புகைப்பானோடு பின்னால் வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சத்தத்தையே காணோமே!"

"நல்லதுதானே?"

"நல்லதா? செத்துப்போச்சோ என்னவோ!"

மூடியைத் தூக்கினாள். தேனீக்கள் சாகவில்லை. சந்தைக்குப் போகிறவர்களைப் போல அதது அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேனடை கட்டிய மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக உருவியவள் நடுவில் இருந்ததைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அந்தச் சட்டத்தின் மேல்கட்டையில் பச்சைச் சாயம். பச்சைச் சாயம் பூசுவது பெரியவளின் வழக்கம். தன் சாமான் எதுவாக இருந்தாலும் ஓர் அடையாளம் போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

பச்சைச் சட்டத்துக்கு அடுத்த சட்டத்தில், வேலைக்காரிகள் விலகி வழிவிட, நீண்ட வயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு ராணி நிதானமாக நடந்தாள். அவள் முதுகில் ஒரு பொட்டு. மெரூன் நிறம். பெரியவளின் பத்து விரல் நகத்திலும் இருக்கும் அதே மெரூன்.

சின்னவள் சட்டத்தைப் பத்திரமாகத் திரும்ப வைத்தாள். பிறகு மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் புகைப்பானை மும்முரமாக அமுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னமோ தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. சொல்லிடுங்க."

அவன் மென்று விழுங்கினான். "அண்ணிதான்... உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. உன் பெட்டி முனகறது அவங்களுக்குப் பொறுக்கல. நாலு நாள் முன்னாடி நீ கடைக்குப் போயிருந்தப்போ வந்து அவங்க பெட்டியிலேர்ந்து முட்டை இருக்கிற சட்டம் ஒண்ணை எடுத்து வச்சாங்க. முட்டையைக் குடுத்தா அதுங்களே ஒரு ராணியை வளர்த்துக்கும்னாங்க."

"முட்டையோட அவங்க ராணியையும் சேர்த்துல்ல குடுத்திருக்காங்க!"

"அது எப்படி? அவ்வளவு பெரிய பொட்டு வச்சிருக்கே, தெரியாமலா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இருவரும் எதிர்மூலையைப் பார்த்தார்கள். முனகல் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

சின்னவள் பெட்டியை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கையில் கூண்டு. தன் பெட்டி பிழைத்துவிட்டது. பிழைக்க வைத்தவளின் பெட்டி செத்துக்கொண்டிருக்கிறது. அது அவளுக்கே தெரியாது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரியவில்லை.

"சத்தம் போடாம இந்தக் கூண்டை அவங்க பெட்டியில வச்சிடேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல" என்றான் கணவன்.

"நல்ல யோசனை! உள்ள இருக்கிற முட்டையை வச்சு அதுங்க ராணி அறை கட்ட ஆரம்பிச்சிருக்கும். அத்தனையையும் தேடிப் பிச்சுப் போடணும். ஒண்ணு தப்பினாலும் அதிலேர்ந்து வர்றவ இவளைக் கொன்னுடுவா. பெட்டி முழுக்கப் பிரிக்கணும். திருடி மாதிரி பண்ணிட்டு மாட்டிக்கிட்டா, ராணியைத் திருடினதே நான்தான்னு ஆயிடும்."

அது மட்டுமா? சொல்வதென்றால் என்னவென்று சொல்வது? அக்கா, உங்க ராணி உங்க கையிலேயே இருந்தா, நீங்க பார்க்கல. எந்த வார்த்தையால் சண்டை வந்ததோ அதையே போய்த் திரும்பவும் சொல்லவேண்டும். கூண்டுக்குள் தோழி ஒருத்தி மல்லாந்து கிடந்தாள். அதைப் பார்த்ததும் சின்னவள் எழுந்து கீழே இறங்கினாள்.

தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா."

இயந்திரம் நின்றது. பெரியவள் திரும்பாமலே, "வழி தவறி வந்துட்டியா?" என்றாள்.

"என் பெட்டி பிழைச்சிடுச்சுக்கா. உங்களாலதான்."

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தப் பக்கமே வர்றதில்ல." குரலில் பெருமை வழிந்தது.

"உங்க ராணி என் பெட்டியில இருக்காக்கா."

பெரியவள் இப்போது திரும்பினாள். "என்ன உளர்ற? ரெண்டு பக்கமும் நல்லாப் பார்த்துட்டுத்தான் வச்சேன்."

"பார்த்தீங்களா?"

கேட்டிருக்கவே கூடாது. வாயிலிருந்து வந்துவிட்டது. பெரியவளின் முகம் சுண்டிப்போனது. துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இதோ வெடிக்கப்போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். ஆனால் பெரியவள் எழுந்து மாடிப்படி ஏறினாள்.

தன் பெட்டியின் மேல் காதை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஐயையோ, அழுதுங்களே! இத்தனை நாளும் உன் பெட்டிதான் முனகுதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"எல்லாம் சரியாயிடும்க்கா. இதோ புதுசு இருக்கு."

"இது உனக்குன்னு வாங்கினதாச்சே? வேணாம். என்னோடதைப் பிடிச்சுக் குடு, போதும்."

"அவ அங்க குடியேறி முட்டையும் வச்சிட்டா. மறுபடி கிளப்பினா ரெண்டு வீடும் கெடும்."

பெரியவள் மறுக்கவில்லை. அவள் சட்டங்களைப் பிடித்துக்கொள்ள, சின்னவள் ராணி அறைகளைத் தேடினாள். நிலக்கடலை தொங்குவதைப் போலச் சட்டத்தின் அடியில் தொங்கிய ஒவ்வொன்றையும் கிள்ளி எறிந்தாள். முடித்த பிறகும் சந்தேகம் தீராமல் முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். பிறகு கூண்டை இரண்டு சட்டங்களுக்கு நடுவே செருகினாள்.

தேனீக்கள் ஓடிவந்து கூண்டை மூடிக்கொண்டன. சின்னவள் விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். அன்பாக வந்தவை என்றால் தள்ளியதும் நகரும். இவை நகரவில்லை. கூண்டைக் கவ்விக்கொண்டு கிடந்தன. 

"கடிக்குதாடி?"

"தெரியலக்கா."

"மூடு. நம்ம பயம் அதுங்களுக்கு எதுக்கு?"

அடுத்து வந்த நாட்கள் ஊர்ந்தன. திறந்து பார்த்துத் தொந்தரவு செய்தால் தேனீக்கள் பழியைப் புது ராணியின் மேல் போட்டுக் கொன்றுவிடும், எனவே தொடக்கூடாது. எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்கத் தெரியாத பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்து கைகளைப் பிசைந்தாள். கடையில் சின்னவள் கிட்டப்பார்வைக்காரரிடம் புத்தகம் படிக்கும் கண்ணாடியைக் கொடுத்து அனுப்ப, அவர் கதவில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தார். தினமும் காலையில் இருவரும் பெட்டியின் வாசலில் ராணியின் பிணம் கிடக்கிறதா என்று குனிந்து தேடினார்கள். பெரியவள் குனிந்தபடியே, "நீ பார்த்தியா? நல்லாப் பார்த்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் திறந்தார்கள். கூண்டு காலியாக இருந்தது. சர்க்கரை தீர்ந்து வழி திறந்திருந்தது. ஆனால் ராணி கண்ணில் படவில்லை. முதல் சட்டத்தில் இல்லை, அடுத்ததிலும் இல்லை.  வெளியே வந்தவளைக் கொன்று தூக்கி எறிந்துவிட்டனவா?

பெரியவள் நடுச்சட்டத்தை உருவி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். முட்டை இருந்தால் ராணி உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். ஒடிந்த நூல்நுனி அளவுதான் அந்த முட்டை. பெரியவள் சட்டத்தைச் சாய்த்தாள், கிட்டே கொண்டுவந்தாள், தூரத் தள்ளினாள், கண்ணைச் சுருக்கினாள். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அக்கா என்ன சொன்னாலும் சரி என்று ஒத்துக்கொள்வதாக முடிவு செய்திருந்தாள்.

பெரியவள் சட்டத்தை அவளிடம் நீட்டினாள்.

"எனக்குத் தெரியலடி. நீ பார்த்துச் சொல்லு."

சின்னவள் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை; கண் நிறைந்திருந்தது. தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இருக்குக்கா. அறைக்கு ஒண்ணா, நிமிர்ந்து நிக்குது. சட்டம் நிறைய இருக்கு."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"உங்க மேல சத்தியமா."

பெரியவள் பெருமூச்சு விட்டாள். பெட்டியை மூடி, மேலே கல்லை வைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். துணிக்கொடியைத் தாண்டிப் படிவரை போனவள் அங்கேயே நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"உங்க கடை காலையில எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"