ஏட்டி, பால் பொங்குது

சந்தோஷ்குமாரை நினைத்தாலே வயிறு எரிகிறது. நாசமாய்ப் போவான் என்று வாய்வரை வருகிறது. புளியங்குடியில் அவன் அம்மா நல்ல மனுஷி, அவளுக்காக விடுகிறேன்.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்து ஆளைக் கூப்பிடுவது என் வேலை. கத்திக் கத்திக் குரல் கரகரத்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் அவன் கடைக்குள் வந்தான். புதிதாக டிவி சீரியல் எடுக்கிறானாம், ‘அருவிக்கரை மருமகள்’ என்று பெயராம், அவன்தான் டைரக்டராம்.

“யக்கா, இந்தக் குரலுக்காகத்தான் நீங்க. மூத்த மருமக வேஷம். மெட்ராஸ்காரி எவளும் இப்படிப் பேச மாட்டா,” என்றான்.

நாற்பது வயதில் யாருக்கு இப்படி வாய்க்கும்? கீழப்பாவூர் முழுக்கச் சொல்லிவிட்டேன், இசக்கிசெல்வி டிவியில் பேசப்போகிறாள் என்று.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஷூட்டிங். அருவி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக்கூடக் கேட்காது. குளிக்க வந்த கூட்டம் கேமராவைப் பார்த்துக் கையாட்டும். தண்ணீர் கூடினால் போலீஸ் விசிலடித்து எங்களையும் சேர்த்து விரட்டும். ஒருநாள் மைக்கில் மாட்டியிருந்த பஞ்சு உறையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. சவுண்டு பார்க்கும் பெஞ்சமின் வாழைப்பழத்தை நீட்டி அதனிடம் கெஞ்சினான், பாவம்.

“இங்கன எடுத்த சத்தம் ஒண்ணும் தேறாதுக்கா,” என்றான் சந்தோஷ். “வசனத்த எல்லாம் வீட்டுல வச்சு போன்ல பேசி அனுப்பிருங்க. நாளைக்கு நீங்க டப்பிங் பேச வரும்போது ஏத்த இறக்கம் மறக்காது பாருங்க.”

நம்பினேன். அடுப்படிக் கதவைச் சாத்தி, ஃபேனை அணைத்து, வேர்த்து வடிய ஒவ்வொரு வசனத்தையும் பேசி அனுப்பினேன். அழ வேண்டிய இடத்தில் நிஜமாகவே அழுதேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் புரோமோ வந்தது. தங்கை குழல்வாய்மொழி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்த அம்மா, கேட்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தாள்.

திரையில் நான். அருவியைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன். குரல் வந்தது. பாகு மாதிரி இழையும் வேறு யாரோ ஒருத்தியின் குரல்.

“நான் எங்கயும் போவ மாட்டேன். இங்கனதான் இருப்பேன். ஏட்டி, பால் பொங்குது பாரு!”

குழல்வாய்மொழி குபீரென்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கடைசி வரி வசனமே இல்லை. போனில் பேசிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கிவர, பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்து நான் போட்ட சத்தம். அதையும் வசனம் என்று நினைத்து எவளோ உருகி உருகிப் பேசியிருக்கிறாள். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் நான் ராப்பகலாகப் பேசி அனுப்பியிருக்கிறேன்!

வாசலுக்குப் போய் அவனைப் போனில் கூப்பிட்டேன்.

“பால் வசனம் சூப்பர்க்கா! அருவியத்தான் பால்னு சொல்லுதீங்கன்னு சேனல்ல எல்லாரும் கைதட்டுதாங்க.”

“ஏலே, அது அடுப்புல பொங்குன பாலுலே! புளியங்குடிக்காரன் ஒனக்குமா தெரியல?”

“தெரியும்க்கா. அவங்களுக்குப் பிடிச்சிட்டு, விட்டுட்டேன்.”

“என் குரல் எங்கலே?”

“கரகரன்னு இருக்குன்னு சேனல்ல வேண்டான்னுட்டாங்க. முகம் ஒங்களோடதுதானக்கா.”

“எப்பம் சொன்னாங்க?”

“ஷூட்டிங் ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே.”

“பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா பேசி அனுப்பியிருக்க மாட்டீங்களேக்கா,” என்றான். கூசாமல் சொன்னான். நாளைய வசனத்தையும் இன்றைக்கே அனுப்பிவிடச் சொன்னான்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். டிவியில் புரோமோ மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கண்கட்டோடு அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி செல்வி, அந்தப் பிள்ள நல்லாத்தான் பேசுதா. நீ எப்பம் வருவ?”

“நான் அதுல வரலம்மா,” என்றேன்.