புத்தகத்தின் பேச்சு

போர்ட் தவ்பீக் படகுக்காரர்களிடம் போய் உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். கால்வாய்க்குள் நுழையும் ஒவ்வொரு கப்பலிலும் தங்கள் படகோடு ஏறி, கயிறு கட்ட வேண்டிய இடத்தில் கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் மாலுமிகளிடம் குட்டிப் பிரமிடு விற்று, மறுமுனையில் இறங்குகிறவர்கள் அவர்கள். உலகத்தில் உள்ள எல்லா நாட்டுக்காரனையும் 'மை ஃப்ரெண்ட்' என்று கூப்பிட்டுப் பேரம் முடித்தவர்கள். ஆனால் கப்பலேறும் அட்டையைப் புதுப்பிக்கப் பரீட்சை என்று வந்தபோது, 'அவன் போகிறான்' என்று ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல் எல்லோரும் முழித்தார்கள்.

அதனால் திங்களும் புதனும் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு சங்கக் கட்டடத்தில் வகுப்பு. கற்றுக்கொடுக்க இஸ்மாயிலியாவிலிருந்து ரீஹாம் என்ற பெண் வந்தாள். ஊர்க்கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. பேச்சுப் பரீட்சைக்கு இரண்டு பேராகத்தான் உட்கார வேண்டும் என்பதால், அட்டையிலிருந்த படகு எண்ணைப் பார்த்து ஜோடி சேர்த்தாள்.

"நாற்பத்தொண்ணு. ஷஹாத்தா, பத்ரி. ரெண்டு பேரும் இந்த பெஞ்சுக்கு வாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷஹாத்தாவும் பத்ரியும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. மூன்று வருடமாக அவர்களுக்குள் பேச்சில்லை, ஆளுக்கொரு படகில்தான் போகிறார்கள். அலுவலகக் காகிதத்தில் மட்டும் இன்னும் ஒரே படகில் இருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் மாதம், விடிகிற நேரத்தில் அம்மா போய்விட்டாள். பத்ரி கால்வாய்க்குள் ஒரு கப்பலில் இருந்தான். "நான் வர்ற வரைக்கும் வச்சிரு" என்று போனில் அழுதான். முன்னால் போன கப்பல் பழுதாகி, பின்னால் வந்தவை எல்லாம் கால்வாய் நடுவிலிருக்கும் ஏரியில் நங்கூரமிட்டன. அவன் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது, அம்மா மண்ணுக்குள் இருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "அம்மாவைத் தூக்கிப் போடறதுக்கு அவ்வளவு அவசரமா உனக்கு?" என்று கேட்டுவிட்டான். அண்ணன் ஷஹாத்தா காரணம் எதையும் சொல்லவில்லை. அல்லாஹ்மேல் ஆணையிட்டு, சாகும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றார். அதுதான் அவர் தம்பியிடம் கடைசியாகப் பேசியது.

ஆணையை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "பத்து தட்டு சோறுதானே, நானே ஆக்கித் தர்றேன்" என்று அவர் மனைவி நவால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு ஆணை இட்டால் அதிலேயே நின்று செத்துப்போகிற ரகம் ஷஹாத்தா. பெருநாளன்றுகூட, எதிரில் உட்கார்ந்திருக்கும் தம்பியிடம் உப்பு வேண்டுமென்றால் மனைவியிடம்தான் கேட்பார். பத்ரிக்கு அவர் திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. அட்டையாவது பரீட்சையாவது, அண்ணன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் சரி என்று காத்துக் கிடந்தான்.

எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தார்.

பின் பெஞ்சிலிருந்த மித்வல்லி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என்ன அண்ணே, ஆணை என்னாச்சு?"

"இது புத்தகம் பேசுறது. நான் பேசல" என்றார் ஷஹாத்தா.

"அப்ப புத்தகத்துக்கு வாய் முளைச்சிருச்சா?"

"உன் வேலையைப் பாரு."

பிறகு முதல் பக்கத்தை விரித்து, விரலை வரிக்கு அடியில் வைத்து, ஆங்கிலத்தில் வாசித்தார். "ஹலோ. என் பெயர் ஷஹாத்தா. உன் பெயர் என்ன?"

கூடப்பிறந்த அண்ணன் பெயர் கேட்கிறார். பத்ரிக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது.

"என் பெயர் பத்ரி."

"உன்னைச் சந்தித்ததில் மகிழ்ச்சி."

கட்டடமே விழுந்து விழுந்து சிரித்தது. ரீஹாம் ஒன்றும் புரியாமல் மேசையைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு திங்களும் புதனும் பத்ரிக்குப் பெருநாள் மாதிரி ஆகிவிட்டன. உன் வீடு பெரியதா? ஆம், என் வீடு பெரியது. உன்னிடம் சைக்கிள் இருக்கிறதா? இல்லை, என்னிடம் சைக்கிள் இல்லை. இப்படி ஒரு மணி நேரம் அண்ணன் அவனிடம் நலம் விசாரிப்பார். மணி அடித்ததும் புத்தகத்தை மூடி, வாயையும் மூடிக்கொண்டு நடந்துவிடுவார். பத்ரி வேண்டுமென்றே தப்பாகச் சொல்வான், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.

ஐந்தாம் பாடத்தில் சாப்பாடு வந்தது. "உனக்கு வெங்காயம் பிடிக்குமா?" என்று கேட்டார் ஷஹாத்தா.

"ஆம், எனக்கு வெங்காயம் மிகவும் பிடிக்கும்" என்று புத்தகத்தில் இருந்ததை வாசித்தான் பத்ரி.

ஷஹாத்தா விரலை வரியிலிருந்து எடுத்தார். "இல்லை. நீ பொய் சொல்கிறாய். உனக்கு வெங்காயம் பிடிக்காது."

"அருமை, சொந்தமா ஒரு வாக்கியம்" என்று ரீஹாம் பாராட்டினாள். ஷஹாத்தா திருடிப் பிடிபட்டவர் போல முகம் சிவந்து, விரலை அவசரமாகத் திரும்ப வரியில் வைத்தார். பத்ரி அன்று அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனான். அவனுக்கு வெங்காயம் பிடிக்காது என்பது புத்தகத்துக்கு எப்படித் தெரியும்?

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நடந்து முடிந்ததைச் சொல்லும் பாடம் வந்தது. "இன்னைக்குப் புத்தகம் வேண்டாம். மூடி வைங்க. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட நீங்களா மூணு கேள்வி கேளுங்க" என்றாள் ரீஹாம்.

ஷஹாத்தாவின் கை புத்தகத்தின் மேலேயே இருந்தது. முதல் கேள்வியை அவர் கேட்கப் போவதில்லை என்று பத்ரிக்குப் புரிந்தது. அவன் ரீஹாமைக் கூப்பிட்டு, காத்திருப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். அந்தச் சொல்லை வாய்க்குள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தான்.

"நீ ஏன் காத்திருக்கவில்லை?"

ஷஹாத்தா புத்தகத்தின் மேலிருந்த கையை எடுத்தார். அரபியாக இருந்திருந்தால் கத்தியிருப்பார், அவரிடம் வசவுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில் அவரிடம் இருந்ததோ ஒரு கைப்பிடிச் சொற்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தார்.

"நான் காத்திருந்தேன். வெயில். வீட்டில் மின்சாரம் இல்லை. நான் மீன் கடைக்குப் போனேன். நான் பனிக்கட்டி வாங்கினேன். அம்மா கட்டிலின் கீழே வைத்தேன். அது தண்ணீர் ஆனது. நான் மறுபடி போனேன். மறுபடி வாங்கினேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மூன்றாவது முறை கடையில் பனிக்கட்டி இல்லை."

பத்ரிக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மாவை மீன்கடைப் பனிக்கட்டிமேல் வைத்திருந்தார்கள் என்று ஊர் பேசிவிடக்கூடாதென்று இந்த மனுஷன் மூன்று வருடம் இதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நவால் வாயையும் அடைத்திருக்கிறார். 'அவசரமா உனக்கு' என்று தான் கேட்டது நினைவுக்கு வந்தபோது பத்ரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எனக்குத் தெரியாது. நான் கெட்ட வார்த்தை சொன்னேன். மன்னிக்கவும்" என்றான். இவ்வளவுதான் அவனுக்கும் ஆங்கிலத்தில் வந்தது.

ரீஹாம் பக்கத்தில் வந்து, "ரெண்டு பேரும் நல்லா பேசறீங்க, இன்னும் கொஞ்சம் நீளமா சொல்லலாம்" என்றாள். ஷஹாத்தா எழுந்தார். புத்தகத்தை பெஞ்சிலேயே விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. ஜோடி இல்லாமல் பரீட்சை இல்லை என்று ரீஹாம் ரெண்டு தடவை சொன்னாள், பத்ரி காதில் வாங்கவே இல்லை. புத்தகத்தை மூடச் சொன்ன நாளில் அண்ணன் பேசியது எல்லாம் அவருடைய சொந்தப் பேச்சு. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. மனுஷனை ஆணை முறிக்க வைத்துவிட்டேன், இனி என் முகத்திலேயே முழிக்கமாட்டார் என்று பத்ரி முடிவே கட்டிவிட்டான். வாரத்தில் இருந்த ரெண்டு மணி நேரமும் போயிற்று. அவர் விட்டுப்போன புத்தகத்தைத் தன் புத்தகத்தோடு வைத்துக் கட்டிச் சுமந்துகொண்டு திரிந்தான்.

வியாழக்கிழமை மதியம் படகுத்துறையில், கப்பல் வரிசைக்காகக் காத்து பத்ரியும் மித்வல்லியும் நிழலில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசல் பக்கமிருந்து ஷஹாத்தா வந்தார். இரண்டு கையிலும் பெரிய பைகள். பைக்குள் கோஷரிக் கடைப் பெட்டிகள், சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்த சூடு வாசனை முன்னால் வந்தது.

துறையைக் கூட்டுகிற மூன்று பேருக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். கார் கழுவுகிற அப்பனுக்கும் மகனுக்கும் கொடுத்தார். மதில் ஓரம் காகிதக் கைக்குட்டை விற்கும் பெண்ணுக்கு ஒன்று, அவள் மடியிலிருந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று.

"என்ன அண்ணே, பேரன் பொறந்திருக்கானா? எங்களுக்கெல்லாம் இல்லையா?" என்று கூவினான் மித்வல்லி.

"நீ ஏழையாடா? உனக்கு ரெண்டு வீடு இருக்கு" என்றார் ஷஹாத்தா நடந்துகொண்டே.

பத்ரி எண்ண ஆரம்பித்திருந்தான். எட்டு. குருட்டுப் பிச்சைக்காரருக்கு ஒன்று, ஒன்பது. காவல் கூண்டுக்கு வெளியே செருப்பு தைக்கிறவருக்கு ஒன்று. பத்து.

பையில் இன்னொரு பெட்டி இருந்தது. ஷஹாத்தா அதை எடுத்துக்கொண்டு நிழலுக்கு வந்தார். மூச்சு வாங்கினார். பெட்டியைத் தம்பியின் மடியில் வைத்தார்.

"வெங்காயம் போட வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார், அரபியில். "சாப்பிடு. ஆறிடும்."

மூன்று வருடமாக, அண்ணன் பேசினால் என்ன பதில் சொல்வது என்று பத்ரி எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தான். ஆனால் வாய் தானாகத் திறந்து, பழகிய ஆங்கிலத்தில் உளறியது.

"நன்றி. உன்னைச் சந்தித்ததில் மகிழ்ச்சி."

மித்வல்லி வாயில் வைத்த டீயைத் துப்பினான். ஷஹாத்தா தம்பியின் பிடரியில் ஒரு தட்டுத் தட்டி, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அரபியில சொல்லுடா, கழுதை. பத்து பேருக்குச் சோறு போட்டிருக்கேன்."