பத்தொன்பதாவது ஆள்

இந்த வருடம் எங்கள் டல்கூரா கிளப் இறுதிச் சுற்றுக்குப் போனது. பேக்கரிக் கண்ணாடியில் எங்கள் கொடியை ஒட்டியிருந்தார்கள். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருக்கும். "என்ன மெர்வ், கிளப் பக்கமே காணோம்?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி அலுத்துப்போனேன். அதனால் ஒரே முறையாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தேழு. கோதுமையும் ஆடும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் இரண்டாம் அணிக்கு ஆள் குறைந்தால் நானும் இறங்குவேன். பையன்கள் என்னைப் பெருசு என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், நாலு கம்பங்கள். நடுவிரண்டுக்கு இடையில் உதைத்தால் கோல், ஆறு பாயிண்ட். ஓரத்தில் போனால் ஒன்று. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஜெயித்தால் பீர், தோற்றாலும் பீர்.

ஏப்ரலில் சீசன் தொடங்கியதும் வரிசையாகத் தோற்றோம். அது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த வருடம் டாரில் க்ரோஷல் தலைவராகியிருந்தான். உரக்கடை வைத்திருப்பவன். வாயைத் திறந்தால் "ஜெயிக்கிறவன் மனசு" என்பான். அந்த மனசு எப்படிப்பட்டது என்று ஜூன் மாதம்தான் பார்த்தோம். வேகமாக ஓடும் பையன்கள் உள்ள ஓர் அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் நடு மைதானம் கணுக்கால் அளவு சேறு.

"ஏன்டா டாரில், நேத்து மழையே இல்லையே?"

"நம்ம மைதானத்துல மட்டும் பெஞ்சுது பெருசு. கடவுள் நம்ம கட்சி."

ராத்திரி முழுக்கக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான். ஊரில் குளிக்கிற தண்ணீருக்கே கட்டுப்பாடு இருந்த நேரம் அது. அன்றைக்கு ஜெயித்தோம். வந்த பையன்களில் ஒருவன் சேற்றில் முழங்காலைத் திருகிக்கொண்டு கத்தியது தேநீர் அறை வரைக்கும் கேட்டது.

அப்புறம் விழுவதற்குப் பயிற்சி. எதிராளி தோளைத் தொட்டால் போதும், கழுத்தைப் பிடித்துக்கொண்டு சாயவேண்டும். அம்பயர் ஊதுவார், இலவச உதை கிடைக்கும். இதில் முதல் மாணவன் லாக்கி, என் தங்கை மகன். அவன்தான் எங்கள் கேப்டன். வயது இருபத்திரண்டு, ஆறடி மூன்றங்குலம். அந்த உடம்பு மூட்டை சரிந்த மாதிரி விழுந்து விழுந்து எழுந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"உங்கம்மா பிரசவத்துல கூட இவ்வளவு கத்தலடா."

"மாமா, பாயிண்ட் வருதா இல்லையா? அதச் சொல்லு."

வந்தது. ஜூலையில் மேலே ஏறினோம். ஆகஸ்ட் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் நாலாம் இடம், அதாவது இறுதிச் சுற்று. அந்தக் கடைசி ஆட்டம் பெர்ரிவில்லோடு, அவர்கள் மைதானத்தில்.

பெர்ரிவில் செத்துக்கொண்டிருந்த கிளப். பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், வங்கி போய்விட்டது. மூன்று வருடமாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்த வருடம் ஒன்றாவது ஜெயித்தால் அடுத்த வருடமும் ஆடுவோம், இல்லையென்றால் திங்கட்கிழமை கூடிக் கிளப்பை மூடிவிடுவோம் என்று அவர்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அது எல்லா ஊருக்கும் தெரியும். அவர்களுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு ஆட்டம்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் ஹெதர் எங்கள் அறைக்கு வந்தாள். ஆடுகிற ஆட்களைக் கவனிப்பது, சட்டை துவைப்பது, பலகாரம் சுடுவது எல்லாம் அங்கே அவள்தான்.

"டாரில், சரியா பதினெட்டுப் பேர்தான் இருக்கோம். பெஞ்சுல உக்கார ஒரு ஆள் குடுப்பியா?"

ஆள் குறைந்த அணிக்கு ஆள் கொடுப்பது எங்கள் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்களுக்காக ஒழுங்காக ஆடவேண்டும். யாரும் அதைப் பேசிக்கொள்வதுகூட இல்லை.

"பெருச எடுத்துக்க," என்றான் டாரில். "பழசு. ஆனா காசு கிடையாது."

"ஓடுமா?"

"தள்ளிவிட்டா ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹெதர் கொடுத்த பச்சைச் சட்டை வயிற்றில் இறுக்கியது. போய் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அவர்கள் கேப்டன் நோயல் ஹார்ட்டிகன், முப்பத்தெட்டு வயது, ஒரு பல்லில்லாதவன், தனியாளாக மூன்று கோல் உதைத்தான். ஒவ்வொன்றுக்கும் மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரனை அழுத்தின. லாக்கி விழுந்தான், உருண்டான், கழுத்தைப் பிடித்தான். அம்பயர் இளம்பெண், ஏமாறவில்லை. "எழுந்திரு கண்ணு, புல்லு ஈரம்," என்றாள்.

கடைசிக் கால்பகுதியில் நோயலுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவன் வெளியே வந்தான், நான் உள்ளே போனேன். பந்தை ஒருமுறை தொட்டேன், இரண்டுமுறை மிதிபட்டேன். கட்டுப் போட்டுக்கொண்டு நோயல் திரும்ப வந்தான், நான் வெளியே வந்துவிட்டேன். அப்போது அவர்கள் அறுபத்தொன்று, நாங்கள் ஐம்பத்திரண்டு. ஆட்டம் முடியும் சைரனுக்குக் கொஞ்ச நேரம்தான். ஹெதர் எல்லைக் கோட்டுக்கு உள்ளேயே நின்ற மூக்குடைந்த பையன் ஒருவனுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். ரத்தம் நின்று அவன் பந்துப் பக்கம் ஓடியதும் மிச்சப் பஞ்சையும் வாளியையும் எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள்.

அந்த நேரம் பார்த்து டாரில் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பெருசு, என்ன உக்காந்திருக்க? நோயல் முடியாம அந்தப் பக்கமா வெளிய போய்ட்டான். பதினேழு பேரோட நிக்கிறாங்க பாவம். ஓடு!"

அந்தப் பக்கம் நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால். நடுவில் ஆட்கள் கூட்டம். நோயல் நொண்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருந்தேன். 'பாவம்' என்று வேறு சொன்னான். ஓடினேன்.

பாதி தூரம் போனபோது நோயலைப் பார்த்தேன். அவர்கள் கோல் கம்பத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு உள்ளேயேதான் நின்றிருந்தான். நான் திரும்புவதற்குள் லாக்கி கையைத் தூக்கிவிட்டான்.

"அம்பயர்! தலை எண்ணணும்!"

எங்கள் விதியில் அப்படி ஒன்று இருக்கிறது. எதிரணியில் ஆள் அதிகம் என்று கேப்டன் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி வரிசையாக நிற்கவைத்து எண்ணவேண்டும். கேட்டபிறகு யாரும் வெளியேறக்கூடாது. ஒரு தலை கூடினாலும் அதுவரை அவர்கள் எடுத்த பாயிண்ட் அத்தனையும் அழிந்துபோகும். புத்தகத்தில் இருக்கிறதே தவிர, என் வயதுக்கு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வரிசையில் நின்றோம். அந்தப் பெண் ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். என் தோள்தான் கடைசி. இரண்டாம் தடவையும் எண்ணினாள். பத்தொன்பது.

"எங்க தலைவன்தான் என்னை உள்ள அனுப்பினான்மா," என்றேன். "நோயல் வெளிய போய்ட்டான்னு பொய் சொல்லி."

"நான் தலையத்தான் எண்ண முடியும் சார். அனுப்பினது யாருன்னு எண்ண முடியாது."

நான் லாக்கியைப் பார்த்தேன். அவன் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு அவிழ்ந்திருக்கவே இல்லை.

நான் வெளியே நடந்தேன். கார்கள் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. மிச்ச நேரத்தில் எங்களவர்கள் இன்னொரு கோல் உதைத்தார்கள். ஐம்பத்தெட்டுக்குப் பூஜ்யம். எங்கள் ஆட்டத்தில் பத்து வயதுப் பிள்ளைகள்கூடப் பூஜ்யத்தில் முடிப்பதில்லை.

எங்கள் அறையில் வட்டமாக நின்று கிளப் பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். வியர்வை, தைல நாற்றம், சிந்திய பீர். என்னைக் கண்டதும் டாரில் என் தோளைச் சுற்றிக் கைபோட்டான். ஈரக்கை.

"இன்னைக்கு ஆட்டநாயகன் யாரு? நம்ம பெருசு! பந்தே தொடாம அறுபத்தொரு பாயிண்ட் எடுத்துக் குடுத்திருக்கான்!"

கூரை அதிரச் சிரித்தார்கள். ஆட்டநாயகனுக்கென்று மேசையில் வைத்திருந்த பரிசு இறைச்சித் தட்டைத் தூக்கி என் கையில் வைத்தான். பிளாஸ்டிக் காகிதத்துக்குள் ரத்தம் தேங்கியிருந்தது.

"தெரிஞ்சுதான அனுப்பின?"

"நீ எண்ணிப் பாத்திருக்கணும் மெர்வ். நாப்பத்தேழு வயசு ஆகுதுல்ல."

"லாக்கி, உனக்கும் தெரியுமா?"

"மாமா, விதியில இருக்கறதத்தான் கேட்டேன். இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கற? இறுதிச் சுற்றுக்குப் போறோம். சந்தோஷமா இரேன்."

"உன்ன நெனச்சா அசிங்கமா இருக்குடா," என்றேன். தட்டைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பின்னாலேயே பாட்டு மறுபடி தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை பெர்ரிவில் மன்றத்துக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நடந்தது அவர்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போட்டியை நடத்தும் லீக்குக்கும் எழுதிப் போடுகிறேன் என்றேன்.

"ஜெயிச்சிருப்போமா மெர்வ்?" என்று கேட்டான் நோயல். காலை ஒரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தான்.

"ஜெயிச்சுட்டீங்க. எல்லாரும்தான் பாத்தோம்."

"அப்ப இன்னொரு வருஷம் ஆடலாம். நாம பேசி வெச்சதுபடி," என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிலர் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு லேசானது.

அப்போது ஹெதர் எழுந்தாள்.

"ஆடலாம். யார வெச்சு? அடுத்த வருஷம் பதினெட்டுப் பேர் கூட தேற மாட்டாங்க. வாராவாரம் எதிரணி அறைக்குப் போயி ஒரு ஆள் குடுங்கன்னு கேக்கணும். கேக்கறது நான்தான். இத்தன வருஷம் வெக்கப்படாம கேட்டேன். இனிமே ஒரு ஆளக் குடுத்தா, நமக்கு ஆடவா, நம்மளக் கவுக்கவான்னு நான் எப்படி நம்பறது? எனக்கு வாய் வராது."

கை தூக்கச் சொன்னார்கள். மூடலாம் என்பதற்கு முதலில் தூக்கியவன் நோயல். அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் கையும் உயர்ந்தது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு அருகிலிருந்த ஒன்றை நானும் மடக்கினேன். ஹெதர் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"வேண்டாம் மெர்வ். நாங்களே பாத்துக்கறோம்."