யார் சொல்லக் கேட்டது

வாசலில் செருப்பை மாட்டும்போதே தங்கை சீண்டினாள். "என்னக்கா, கண்ணாடிய விட்டு நகரவே மனசு வரல போல? சதுப்புக்குப் பேர் வைக்கப் போறியா, அவரைப் பாக்கப் போறியா?"

"வாய மூடுடி," என்றாள் அக்கா. முகம் சிவந்துவிட்டதை மறைக்க முடியவில்லை.

வரைபட அலுவலகத்தில் அவள் அதிகாரி. எல்லைக்கு இருபுறமும் விரிந்து கிடக்கும் சதுப்புநிலத்துக்கு இந்த நாட்டில் வடசதுப்பு என்று பெயர். அந்த நாட்டில் தென்சதுப்பு. இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு பெயர் வைக்கப் பத்துக் கூட்டம் போட்டு, தேநீர் ஆறியதுதான் மிச்சம். பதினோராவது கூட்டத்துக்கு அந்த நாட்டுக் குழுத் தலைவராக அவன் வந்திருந்தான். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரே படகில் அவளோடு பறவை எண்ணியவன். எல்லையை மூடியபோது, "திறந்ததும் வந்துடுவேன்" என்று சொல்லிப் போனவன். எல்லை திறந்தது, அவனுடைய கல்யாணச் செய்திதான் வந்தது.

"நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றான், எல்லோரையும் கேட்டதுபோலவே.

வழக்கமான இழுபறி. அவளுடைய இயக்குநர் வடக்கை விட்டுத்தர மாட்டேன் என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "நீர்மடின்னு வைக்கலாமே?"

அவள் பேனா நின்றுவிட்டது.

படகு சேற்றில் சிக்கிய ஒரு மத்தியானம், "ஏரியும் இல்ல, காடும் இல்ல. இதுக்கு நீர்மடின்னு பேர் வெச்சுட்டேன், போ" என்று அவள்தான் சொன்னாள். அதன்பின் அவன் எழுதிய கடிதமெல்லாம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். தங்கைக்குக்கூட அவள் சொன்னதில்லை. அவன் மறக்கவில்லை! இத்தனை பேர் நடுவில் எனக்காகச் சொல்கிறான்!

"அடடா, நல்லா இருக்கே," என்றார் இயக்குநரே. "ஆனா ஒரு தரப்பு ஆளுங்க உண்டாக்கின பேர்னா விதிப்படி செல்லாது, சதுப்புல இருக்கற ஜனங்க வாயில வழங்கற பேரா இருக்கணும். யார் சொல்லக் கேட்டதுன்னு படிவத்துல எழுதணும்."

அவன் நெற்றியைத் தேய்த்தான். "அப்போ யாரோ படகுக்காரர் சொல்லுவாருன்னு நினைக்கிறேன். மேடம், நீங்களும் அந்தப் பறவைக் கணக்கெடுப்புல இருந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். ஒரு குறும்பு, ஒரு சிறு தடுமாற்றம், ஏதாவது கிடைக்காதா என்று தேடினாள். அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தான்.

நான்தான் என்றால் அந்தப் பெயர் இந்த மேசையிலேயே செத்துவிடும். அவனுக்குள் அது எப்போதோ செத்துவிட்டதே.

"ஆமா சார்," என்றாள். "படகுக்காரர்தான்."

"பாத்தீங்களா, எனக்கு எதுவும் மறக்காது!" என்று அவன் சிரிக்க, அறையே கைதட்டியது. அவள் தலையைக் குனிந்து படிவத்தில் எழுதினாள்: படகுக்காரர், பெயர் தெரியவில்லை.

சாயங்காலம் தங்கை ஓடிவந்தாள். "சொல்லுக்கா, கடைசியா என்ன பேர்தான் வெச்சீங்க?"

சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"நாளைக்குப் பேப்பர்ல போடுவாங்கடி," என்றாள் செருப்பைக் கழற்றியபடி. "படிச்சுக்கோ."