ஆட்சேபணை மனு

சோலையம்மாளும் பவுல்ராஜும் கல்யாண நோட்டீஸில் கையெழுத்துப் போட்டதும், முப்பது நாள் அது ரிஜிஸ்தர் ஆபீஸ் சுவரில் தொங்கும் என்றார் குமாஸ்தா. அதற்குள் யாரும் ஆட்சேபணை கொடுக்காவிட்டால் கல்யாணத்தை நடத்திக்கொள்ளலாம். சோலையம்மாள் அந்தச் சுவரைப் பார்த்தாள். அவளுடைய ஊரான ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயிகள் பத்திரம் பதிய வந்து காத்திருப்பதும் அந்தச் சுவருக்கு எதிரில்தான்.

அவள் திண்டுக்கல்லில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த ஆரம்பப் பள்ளி டீச்சர். பவுல்ராஜ் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். பிள்ளைகளுக்கு அம்மை குத்த வந்த இடத்தில் பழக்கம். இரண்டு பேருமே மதம் மாறச் சம்மதிக்கவில்லை. புதிதாக வந்திருந்த சட்டம் மதம் மாறாமலே கல்யாணம் செய்ய இடம் கொடுத்தது. ஆனால் ஒளித்துச் செய்ய இடம் கொடுக்கவில்லை.

அதன்பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கரும்பலகையில் கூட்டல் கணக்கைத் தப்பாகப் போட்டாள். பள்ளி விட்டதும் கால்கள் தானாக ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போயின. ஜன்னல் வழியாக அந்தக் காகிதத்தைப் பார்த்தால் பயம். மறைத்துக்கொண்டு யாராவது நின்றால் அதைவிடப் பயம். போகாதே என்று பவுல்ராஜ் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான்.

மூன்றாவது வாரம் அவளுடைய தாய்மாமன் தங்கமுத்து பத்திரம் பதிய வந்தார். நோட்டீஸைப் பத்திரம் எழுதுபவர் அவருக்கு வாசித்துக் காட்டினார். சோலையம்மாள் பிறந்ததிலிருந்தே அவருக்குத்தான் என்று வீட்டில் பேச்சு. அப்பா இறந்தபின் அவளும் அம்மா கருப்பம்மாளும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். அம்மா இப்போதும் அங்கேதான் இருந்தாள்.

தங்கமுத்து சண்டைக்கு வரவில்லை. மனு கொடுத்தார். சோலையம்மாளுக்குப் பதின்மூன்று வயதில், கருப்பசாமி கோயிலில் வைத்துத் தாலி கட்டியவன் தானென்றும், புருஷன் உயிரோடிருக்க அவள் வேறு கல்யாணம் செய்ய முடியாதென்றும் எழுதியிருந்தார். சாட்சிக்குச் சொந்தக்காரர் இருவர் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

விஷயம் தெரிந்த அன்று பவுல்ராஜ் அவளோடு பாதித் தெரு வரை நடந்தான். பிறகு, "சின்ன வயசுல அப்படி ஏதும் நடந்துச்சா?" என்று கேட்டான்.

அவள் அவனை விட்டுவிட்டு வேகமாக நடந்தாள். மறுநாள் அவனே வந்து, கேட்டது தப்பு என்றான். நடக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னாள்.

விசாரணைக்குக் கருப்பம்மாளையும் வரச் சொன்னார் அதிகாரி. தம்பியோடு ஒரே வண்டியில் வந்து இறங்கினாள் அவள். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கைநாட்டுக்காரர்கள் இருவரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். 

"உங்க மகளுக்குத் தாலி கட்டினது உண்மையா?" என்றார் அதிகாரி.

கருப்பம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவனுக்குக் குடுக்கணும்னு பேசி வச்சிருந்தோம்யா. அம்புட்டுத்தான். தாலி கட்டல."

தங்கமுத்து எழுந்து வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

வாசலில் சோலையம்மாள் கையைப் பிடிக்க வந்தபோது அம்மா விலகிக்கொண்டாள். "உனக்காகச் சொன்னேன்னு நெனைக்காத. இல்லாதத இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கல்யாணத்துக்கு என்னயக் கூப்புடாத." பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மனு தள்ளுபடியாகும் முன்பே, ஒரு காலையில் துணி மூட்டையோடு மகளின் அறைக்கு வந்து நின்றாள். தம்பி வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. தனியாக உலை வைத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. இதை அடுப்பை மூட்டிக்கொண்டே சொன்னாள்.

கல்யாணத்தன்று அவள் வரவில்லை. தலைமையாசிரியை அஜீஸுன்னிசாவும் ஆஸ்பத்திரிக்காரர் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாக இருவரும் சொன்னார்கள். வாசலில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று அப்போதும் சோலையம்மாளின் ஒரு காது அலைந்துகொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

அறைக்குத் திரும்பியபோது சோறு வடித்து, கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்திருந்தாள் அம்மா. பவுல்ராஜின் முகத்தைப் பாராமலே அவனுக்கு முதலில் இலை போட்டாள். உட்காராமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்த மகளைப் பார்த்து, "இன்னும் என்னத்தத் தேடுற? உக்காந்து சாப்புடு" என்றாள்.