சான் தல்மாசியோ வளைவில் இரண்டு கார்கள்

அக்டோபர் பகலிலேயே மலைப்பாதையில் மூடுபனி இறங்கியிருந்தது. எங்கள் கார் பத்திரிகைக்கு ஓர் ஒப்பீட்டுக் கட்டுரை வேண்டும். படம் எடுக்க நான். ஓட்டிப் பார்க்க ஓர்னெல்லா பெர்கோன்சி. வாழ்நாளெல்லாம் சோதனை ஓட்டுநராக இருந்தவள், இப்போது அறுபது வயது. இரண்டு கார்களும் பல் மருத்துவர் ஸனாசியுடையவை. ஒன்று புத்தம் புதிய ஹைபிரிட். பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டார்களும் உண்டு. மற்றது, எப்போதோ மூடப்பட்ட விசெத்தி பட்டறை செய்த ஆறே கார்களில் ஒன்று. பன்னிரண்டு சிலிண்டர், சிவப்பு.

அந்தச் சிவப்புக் காரில்தான் ஓர்னெல்லாவின் அண்ணன் லோரிஸ் சான் தல்மாசியோ வளைவில் செத்தான். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. நசுங்கிக் கிடந்த காரை ஸனாசி வாங்கிச் சீராக்கியிருந்தார்.

"வேணாம்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கலாம்," என்றேன்.

"வாய மூடிட்டு ஏறு, இவானோ. உன் தொப்பைக்கு இந்த சீட்டு பத்துமா?"

முதலில் ஹைபிரிட். ஊருக்குள் மின்சாரத்திலேயே போனோம். சத்தமே இல்லை. சாலையோரம் நின்ற கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள்தான் செத்துப்போனவர்களோ என்றிருந்தது. ஊர் தாண்டியதும் இன்ஜின் விழித்துக்கொண்டது. அந்த வளைவு வந்தபோது ஓர்னெல்லா வேகத்தைக் குறைக்கவில்லை. நான் கதவைப் பிடித்தேன். கார் ஒருமுறை நெளிந்தது. அவ்வளவுதான், மறுபக்கம் வந்துவிட்டோம்.

அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"லோரிஸ் வந்த வேகத்துலதான் வந்தேன். அவன் பண்ண தப்பையே பண்ணேன். எனக்கே தெரியாம இந்தக் காரு தானா திருத்திடுச்சு. இவ்ளோதானா இவானோ? இவ்ளோ சின்ன விஷயம் இல்லாமயா அவன் போனான்?"

ஊருக்குத் திரும்பி வண்டியை மாற்றினோம்.

சிவப்புக் காரில் அவள் தனியாகப் போனாள். நான் என் வேனில் முன்னதாகவே வந்து வளைவில் கேமராவோடு காத்திருந்தேன். பனிக்குள்ளிருந்து முதலில் சத்தம்தான் வந்தது. கியர் இறங்கும்போது இன்ஜின் இரண்டு முறை உறுமியது. ஓர்னெல்லா எப்போதும் ஒரு முறைதான் உறுமவிடுவாள். இரண்டு முறை, லோரிஸின் பழக்கம்.

பிறகு கார் தெரிந்தது. சவ ஊர்வலம்போல மெதுவாக வந்தது. அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தி இறங்கினாள், சுற்றிவந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள். ஒருவர் இறங்கி முடிக்கும் வரை நிற்பதுபோல நின்றாள். அப்புறம் கதவை மெல்லச் சாத்தினாள்.

நான் படம் எடுக்கவில்லை.

மலைமேல் உணவு விடுதியில் காத்திருந்த ஸனாசி ஆவலாகக் கேட்டார்: "எது உசத்தி, சொல்லுங்க?"

சுடச்சுடப் பொரித்த ரொட்டியில் பன்றி இறைச்சியைச் சுருட்டிக்கொண்டே ஓர்னெல்லா சொன்னாள்: "புதுசு என் உசுரக் காப்பாத்துச்சு, டாக்டர். அதுல ஒரு குறையும் இல்ல."

"அப்ப பழசு?"

"அத நீங்களே கீழ ஓட்டிட்டுப் போங்க. இனி பயமில்ல."

அவள் என் வேனில் ஏறிக்கொண்டாள். மலையிறங்கும்போது சான் தல்மாசியோ வளைவில் மெதுவாகப் போகச் சொன்னாள். சிவப்புக் கார் முன்னால் பனியில் மறைந்துவிட்டிருந்தது. அவள் ஜன்னலை இறக்கி, யாருமில்லாத ஓரத்தைப் பார்த்து, இருபத்தெட்டிலேயே நின்றுவிட்ட அண்ணனிடம், மகனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"பனியில நிக்காதடா. வீட்டுக்குப் போ."